விற்றால் ஆயிரம் நிபந்தனை, குத்தகைக்கு விட்டால் ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சியாட்டில் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் வாசகர்கள் சொத்து வரி பில்லை எடுத்துப் பாருங்கள். பள்ளி, நூலகம், தீயணைப்பு என்று பிரித்துப் போட்டிருக்கும் இடத்தில் பலருக்கு 'மருத்துவமனை' என்று ஒரு வரியும் இருக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் 1945ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த பொது மருத்துவமனை மாவட்டங்களுக்கு, அதாவது மருத்துவ சேவைக்கென்றே வரி வசூலிக்கும் உள்ளூர் அரசு அமைப்புகளுக்கு, போகிற பணம் அது. கிர்க்லண்டில் எவர்கிரீன், ரென்டனில் வேலி மெடிக்கல் சென்டர் என்று மாநிலம் முழுக்க ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிஷனர்கள்தான் இவற்றை நிர்வகிக்கிறார்கள். அவர்கள் கையில் மருத்துவமனைக் கட்டடம் மட்டுமல்ல, பின்னாளில் விரிவாக்கத்துக்கு உதவும் என்று வாங்கிப் போட்ட காலி நிலமும் இருக்கிறது. அந்த நிலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலி நிலத்தைக் குத்தகைக்கு விடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நர்ஸ் சம்பளமும் மருந்து விலையும் எகிறிக்கொண்டே போகும்போது, வாக்காளர்களிடம் கேட்காமல் இந்த மாவட்டங்கள் மொத்த வரி வசூலை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது, புதுக் கட்டடங்களால் வருவது தனி. அப்படியிருக்க முள்செடி மண்டிக் கிடக்கும் மனையிலிருந்து மாதம் நாலு காசு வந்தால் நல்லதுதானே. விற்றுவிட்டால் போனது போனதுதான், குத்தகை என்றால் நிலமாவது நம் பெயரிலேயே இருக்கும்.

என் கவலை வேறு. இதே நிலத்தை விற்க வேண்டும் என்றால் சட்டம் எவ்வளவு கேட்கிறது பாருங்கள். மூன்று பேரிடம் சந்தை மதிப்பு வாங்க வேண்டும், அதுவும் ஒரு வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், அந்த மூன்றின் சராசரியில் 90 சதவீதத்துக்குக் கீழே விற்கவே கூடாது, பெரிய மதிப்புள்ள நிலம் என்றால் இரண்டு வாரம் தொடர்ந்து பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு, நாள் குறித்து, வேண்டும் என்பவரையும் வேண்டாம் என்பவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு அடுத்த பிரிவில் குத்தகை வருகிறது. இப்போதைக்கு இந்த நிலம் தேவையில்லை என்று கமிஷனர்கள் ஒரு தீர்மானம் போட்டால் போதும், எந்த முறையில், எந்த நிபந்தனையில் விடுவது என்பது அவர்கள் விருப்பம். மூன்று மதிப்பீடு, பத்திரிகை அறிவிப்பு, தனியாக ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

இரண்டு வருடக் குத்தகைக்கு, பக்கத்துக் கடைக்காரர் வண்டி நிறுத்தக் கேட்கிறார் என்றால், இது சரி. 60 வருடத்துக்கு விட்டால்? கையெழுத்துப் போட்ட கமிஷனர் யாரும் அது முடியும்போது இருக்கமாட்டார்கள், நம் பேரன் பேத்திகள் அந்த மருத்துவமனைக்கு இன்னொரு கட்டடம் வேண்டும் என்று கேட்டால் இடம் இருக்காது. அதற்குப் பெயர் குத்தகை, நடப்பது விற்பனை. ஒரு மாவட்டத்தின் கூட்டத்தை இணையத்தில் பார்த்தேன், போன மாதக் கூட்டக் குறிப்பு, பில் பட்டுவாடா இவற்றோடு சேர்த்து ஒரு நிலக் குத்தகையையும் ஒரே மூச்சில் நிறைவேற்றினார்கள். பின்னிணைப்பில் மனையின் வரைபடம் இருந்தது, எல்லையைச் சிவப்புக் கோட்டில் போட்டிருந்தார்கள், வாடகை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாடகை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பொது நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது, அதற்குப் பதிலாகக் குத்தகைக்கு எடுக்கும் தனியார் வாடகையில் 12.84 சதவீதம் வரி கட்டுகிறார்கள். ஆக, வாடகையை அடிமட்டத்துக்குப் பேசிவிட்டால் பொதுவாக அந்த வரியும் சேர்ந்தே அடிபடும். குறைந்தபட்ச வாடகை என்ன என்பதை மூடிய அறையில் பேசச் சட்டம் இடம் தருகிறது, முன்கூட்டியே தெரிந்தால் விலை விழும் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கடைசி முடிவைத் திறந்த கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும், அங்கேயாவது கணக்கை மேசையில் வைக்கலாமே.

இதற்காக மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பத்து வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையையும் விற்பனை மாதிரியே நடத்துவோம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாடகையைத் திருத்துவோம் என்று கமிஷனர்களே தங்களுக்குள் ஒரு விதி போட்டுக்கொள்ளலாம். யாருக்கு விடுவது என்பதிலும் யோசனை வேண்டும். பொது நிலத்தை மலிவு வீடுகளுக்குக் குறைந்த விலையில் தரலாம் என்று 2018இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஐ-5 சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போகும் நர்ஸ் உதவியாளருக்கு மருத்துவமனை வாசலிலேயே கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கிடைத்தால், அந்த நிலம் மருத்துவத்துக்கே பயன்பட்ட மாதிரிதான். அதற்காக வாடகையைக் குறைத்தால் நான் மனதாரச் சம்மதிப்பேன். இன்னொரு கார் வாஷுக்காகக் குறைத்தால் சம்மதிக்க மாட்டேன்.

நம் ஆட்கள் இந்தக் கூட்டங்களில் கண்ணிலேயே படுவதில்லை. குடியுரிமை வாங்கியவர்கள் கூட, ஒற்றைப்படை வருட நவம்பரில் தபாலில் வரும் ஓட்டுச் சீட்டில் மருத்துவமனை கமிஷனர் இடத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறார்கள். ஆறு வருடப் பதவி அது. எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, சரி, ஆனால் கூட்டத்தில் பேச யாரும் விசா கேட்பதில்லை. கமிஷனர்கள் முடிவெடுக்கும் முன் பொதுமக்கள் கருத்தை, நேரிலோ எழுத்திலோ, கேட்டாக வேண்டும் என்று 2022இல் திறந்த கூட்டச் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள்.

தங்கள் பத்திரிகையில் கோயில் விழா, தமிழ்ப் பள்ளிச் சேர்க்கை என்று வாரந்தோறும் நிகழ்ச்சிப் பட்டியல் போடுகிறீர்கள். அதில் இந்த மருத்துவமனை மாவட்டங்களின் மாதாந்திரக் கூட்டத் தேதியையும் சேர்த்துப் போடுங்கள். நிகழ்ச்சி நிரலில் 'உபரி நிலம்', 'குத்தகை' என்று ஏதாவது இருந்தால் அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சியாட்டில் புறநகரிலிருந்து ஒரு வாசகர்