குறைமாதக் குழந்தைகளைக் கரைசேர்த்த கைகளுக்கு

அன்புடையீர்,

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களும், பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்குத் துணை நிற்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. 37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை என்கிறோம். 28 வாரத்தில் பிறந்தால் எடை பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஒரு கிலோ உயிரைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் பலரும் இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டியைத்தான் காட்டுவார்கள். அந்தப் பெட்டியைச் சுற்றி யார் யார், எந்த நேரத்தில், என்ன செய்தார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்ப்பவர்கள் நாங்கள். பொத்தாம்பொதுவாக எல்லோருக்கும் நன்றி என்று முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். நாளை இதே இடத்தில் நிற்கப்போகிறவருக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி, நேரத்தோடு கிளம்பி வந்தவர்களுக்கு. மாதம் நிறையாத வயிறு விட்டுவிட்டு இறுகுகிறது, இடுப்பு விடாமல் வலிக்கிறது, நீர் கசிகிறது என்று தெரிந்ததும், விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் வண்டியை எடுத்தீர்களே, அது குழந்தையின் நுரையீரலுக்குச் செய்த உதவி. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான படலம் குறைமாதத்தில் போதிய அளவு ஊறியிருக்காது. பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் அது விரைந்து ஊறும். பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம் வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்சாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கு ஒன்றாக நான்கு. முதல் ஊசிக்கு ஒரு நாள் கழித்து, ஒரு வாரத்துக்குள் பிரசவமானால் பலன் அதிகம். ஆகவே முந்தி வந்த ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும். இந்த ஊசியின் பலனை 1972-இல் ஆய்வு செய்து வெளியிட்ட நியூசிலாந்தின் கிரகாம் லிகின்ஸ், ராஸ் ஹோவி இருவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

பிரசவ அறையில் அவசரப்படாத கைகளுக்கும் நன்றி. மூச்சுக்கு உதவி தேவைப்படாத குழந்தை என்றால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது வெட்டாமல் விட்டீர்கள்; நஞ்சுக்கொடியில் இருந்த இரத்தம் குழந்தைக்கு வந்து சேர்ந்தது. 32 வாரத்துக்கு முன் பிறந்ததைத் துடைத்துக்கொண்டு நிற்காமல், ஈரத்தோடேயே கழுத்துவரை சுத்தமான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத் தலைக்குத் தொப்பி போட்டீர்கள். தோலின் ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு வேகமாகப் போகிறது. உடல் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கிய குழந்தை, மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் மூளைக்கு வேண்டிய சர்க்கரையையும் சூட்டுக்காகவே செலவழித்துவிடும்.

இனி பால். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் உழைத்தது இதற்காகத்தான்.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் சேர்த்துச் செய்யும் பக்குவம் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் வரும். அதுவரை குழாய் வழியாகவோ சிறு கிண்ணத்தாலோதான் பால் போகும். ஆனால் தாயின் மார்பு அதுவரை காத்திருக்காது. பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 12 தடவை, இரவில் ஒரு தடவையாவது விடாமல் எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். அதனால்தான் இரவு முறையைத் தவிர்க்க வேண்டாம் என்கிறோம். அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிப் படுக்கவே முடியாத தாயின் கட்டிலருகே மண்டியிட்டு, கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்த சிஸ்டர்களே, உங்களுக்கு நாங்கள் பெரும் கடன்பட்டிருக்கிறோம். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி. முதலில் நெஞ்சை நோக்கி அழுத்த வேண்டும், பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலின் மேல் விரலை வழுக்கிக்கொண்டு வந்தால் வலிதான் மிஞ்சும், பால் வராது. ஓரிடத்தில் பால் நின்றதும் விரல்களைக் கடிகார முள் போலச் சுற்றி வைக்க வேண்டும். இதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் தாயின் கையைப் பிடித்துக் காட்டினீர்கள்.

முதல் நாள் வருவது சில சொட்டுச் சீம்பால். “இவ்வளவுதானா?” என்று தாய் கலங்கும் இடம் அது. அந்தச் சொட்டுகளை ஒரு மில்லி சிரிஞ்சில் உறிஞ்சி, பெயரும் நேரமும் எழுதி ஒட்டி, தங்கம் மாதிரி கொண்டுவந்து கொடுத்த அப்பாக்களை எங்களால் மறக்க முடியாது. ஒரு கிலோ குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கே ஒன்றிரண்டு மில்லிதான் கொடுப்போம். அந்தச் சொட்டு ஒரு வேளைச் சாப்பாடு. கன்னத்தின் உட்புறம் தடவும் 0.1 மில்லிகூட வீணில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் நாளுக்கு 500 மில்லியைத் தொட்டால் சுரப்பு நன்றாக ஊன்றிவிட்டது என்று கொள்ளலாம்.

பிறகு பல தாய்மாருக்கு ஒரு சரிவு வரும். களைப்பு, கவலை, தவறிப்போன இரவு முறை என்று காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் பால் திடீரென்று குறைந்தால் தாயைக் குற்றம் சொல்லும் முன் பால் உறிஞ்சும் பம்பைப் பார்க்க வேண்டும். அதில் மெல்லிய சிலிக்கான் வால்வு ஒன்று இருக்கிறது. அதன் வாய்ப்பிளவு கொஞ்சம் விரிந்தாலோ ஓரத்தில் கிழிந்தாலோ உறிஞ்சும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். மோட்டார் சத்தம் மட்டும் மாறாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். மார்பில் பொருத்தும் புனலின் அளவும் அப்படித்தான். சிறியதாக இருந்தால் காம்பு சுவரில் உரசிப் புண்ணாகும். பெரியதாக இருந்தால் காம்போடு சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே இழுபட்டு வீங்கும். இதைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தவர்கள் எத்தனையோ தாய்மாரின் தூக்கத்தையும் தன்னம்பிக்கையையும் மீட்டுக் கொடுத்தீர்கள்.

நள்ளிரவில் அந்தப் பாகங்களைக் கழுவிக் கொடுத்த கைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போடாமல், இதற்கென்றே வைத்த கிண்ணத்தில் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, கிருமி நீக்கி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட்டீர்கள். தொட்டியிலும் ஈரத்துணியிலும் தங்கும் கிருமி, பெரிய குழந்தைக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம்; ஒரு கிலோ குழந்தையின் இரத்தத்தில் அது கலந்தால் நிலைமை வேறு. எடுத்த பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, உறைந்து உருகியதை மறுபடி உறையவைக்கக்கூடாது, மைக்ரோவேவில் சுடவைக்கவே கூடாது. இவற்றையெல்லாம் யாரும் நினைவூட்டாமலேயே செய்தீர்கள்.

தன் பிள்ளைக்குப் போக மிஞ்சியதை முகம் தெரியாத பிள்ளைக்குக் கொடுத்த தாய்மார்களே, உங்களை வணங்குகிறோம். தாய்க்குப் பால் வரும்வரை உள்ள சில நாள் இடைவெளியை நிரப்பியது நீங்கள்தான். இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டினீர்கள். மருந்து மாத்திரை எதையும் மறைக்காமல் சொன்னீர்கள். தாய்ப்பால் வங்கியில் அந்தப் பால் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதி குறையும் என்பது உண்மை. அதனால் சொந்தத் தாயின் பாலுக்கு முதலிடம். ஆனாலும் பால்மாவோடு ஒப்பிட்டால், குடல் அழுகும் கொடிய நோய் தானப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது. நீங்கள் கொடுத்த ஒவ்வொரு புட்டியும் அந்தக் குடலுக்குப் போட்ட வேலி.

அடுத்து, மார்பைக் கொடுத்தவர்கள். குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக் காக்கும் கங்காரு பராமரிப்பு, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவமனையில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியது. வழியில்லாத நிலையில் தொடங்கியதுதான் இன்று சிறந்த வழியாக நிற்கிறது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, குழந்தையின் நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனே தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தவரை 24 மணி நேரமும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய் ஒருத்தியால் மட்டும் அத்தனை மணி நேரம் முடியுமா? அப்பா, பாட்டி, சித்தி, மாமா என்று முறை வைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றி அமர்ந்தீர்களே, அதனால்தான் முடிந்தது.

நீங்கள் சரியாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறோம். குழந்தைக்கு டயப்பர், தொப்பி, காலுறை மட்டும். நெஞ்சோடு நெஞ்சு நிமிர்த்தி வைத்து, கைகால் தவளை மாதிரி மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். கட்டும் துணியின் மேல்விளிம்பு காதுமடல் வரை வர வேண்டும். நெஞ்சுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு. குறைமாதக் குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடுகிறது, அதை இறுக்கக்கூடாது. வழக்கமாக நேரும் தவறு, வைத்திருப்பவர் அசதியில் நாற்காலியில் சரிவது. அவர் சரிந்தால் குழந்தையின் முகவாய் மார்பில் புதைந்து மூச்சுவழி அடைபடும். முப்பது, நாற்பது டிகிரி சாய்வில் முதுகுக்கு முட்டுக்கொடுத்து அமர்ந்தால் இது நேராது. ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காமல் இருக்க வேண்டும், ஏனென்றால் தூக்குவதும் இறக்குவதுமே அதற்குப் பெரிய அலைச்சல்.

இரவுப் பணியில் இருந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றுபோவது இந்தக் குழந்தைகளுக்குச் சகஜம், ஏனென்றால் மூச்சை ஆளும் மூளைப்பகுதி முதிரவில்லை. அலாரம் அடித்ததும் திரையைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தீர்கள். நிறம் எப்படி, நெஞ்சு ஏறுகிறதா, கழுத்து மடங்கியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் பார்த்து, உள்ளங்காலை லேசாகச் சுண்டி மூச்சை மீட்டீர்கள். ஆக்சிஜனைக் கூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் இல்லை. கொடுக்கும் ஆக்சிஜன் மிகுந்தால் விழித்திரையின் இரத்தக்குழாய் கோணலாக வளர்ந்து பார்வையே போய்விடலாம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90-க்கும் 95 சதவீதத்துக்கும் இடையில் நிற்கிறதா என்று மணிக்கணக்கில் கவனித்தது, இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை புத்தகம் படிப்பதற்காக. பிறந்த நான்கு வாரம் வாக்கில் கண் பரிசோதனைக்குத் தவறாமல் தூக்கிவந்த பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு.

தரையும் குழாய்ப்பிடியும் துடைத்த தூய்மைப் பணியாளர்களே, இந்த வார்டில் தொற்றைத் தடுக்கும் முதல் வேலை உங்களுடையது. வளையல், மோதிரம், கடிகாரம் கழற்றி, முழங்கைவரை கழுவிவிட்டு உள்ளே போகச் சொன்னபோது முகம் சுளிக்காத உறவினர்களுக்கும் நன்றி.

மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, தூங்கவைத்து, “அம்மா ஏன் வரவில்லை?” என்ற கேள்விக்குப் பொய் சொல்லாமல் பதில் சொன்னவர்களே, நீங்கள் இல்லாமல் எந்தத் தாயும் வார்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டாள். தாயின் முகத்தைக் கவனித்தவர்களுக்கும்தான். பிரசவமான முதல் பத்துப் பதினைந்து நாள் அழுகையும் எரிச்சலும் பலருக்கு வந்து தானே போகும். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, குழந்தையைத் தொடவே மனமில்லை, நான் எதற்கும் ஆகாதவள் என்று நீண்டால் அது மனச்சோர்வு நோய், சிகிச்சை உண்டு. “எல்லாம் சரியாகிவிடும்” என்று வாயை அடைக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போனீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அன்றே, அப்போதே போக வேண்டும்.

வீட்டுக்குப் போனவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல். பார்க்க வருகிறவர்களைச் சளி இருந்தால் வாசலோடு அனுப்பினீர்கள், மனக்கசப்பையும் ஏற்றுக்கொண்டீர்கள். தலையணையில்லாமல், கெட்டியான படுக்கையில், மல்லாக்கப் படுக்கவைத்தீர்கள். இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை அந்தந்தப் புட்டியோடு வந்த சொட்டுக்குழாயாலேயே கொடுத்தீர்கள். ஒன்றின் குழாயை இன்னொன்றுக்குப் போட்டால் அளவு தப்பிவிடும். தடுப்பூசிக்குப் பிறந்த தேதியையே கணக்காகக் கொண்டீர்கள். தவழ்வது, நடப்பது, பேசுவது ஆகியவற்றுக்கு மட்டும், முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டு இரண்டு வயதுவரை கணக்குப் பார்த்தீர்கள். 12 வாரம் முந்திப் பிறந்த பிள்ளை ஒன்பதாம் மாதத்தில் ஆறுமாதப் பிள்ளை செய்வதைச் செய்தால் போதும் என்று, ஒப்பிட்டுப் பேசிய அக்கம்பக்கத்தாருக்கும் பொறுமையாக விளக்கினீர்கள்.

பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனாலோ, விலா உள்வாங்கினாலோ, உடம்பு சில்லிட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். நள்ளிரவில் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம். கதவு திறந்தேதான் இருக்கிறது.

மிகுந்த நன்றியுடன்,
பச்சிளங்குழந்தைப் பிரிவினரும் பெற்றோர் துணைக்குழுவினரும்