கடலும் எங்கள் வீதிதான்

வடக்கு மாகாணத்தில் உள்ளூராட்சிக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். படகில் மட்டுமே வரக்கூடிய நெடுந்தீவிலிருந்து, எங்கள் பிரதேச சபைக்கு நீங்கள் ஒதுக்குகிற காசைப் பற்றி எழுதுகிறேன். 'தீவார்' என்று யாழ்ப்பாணத்தில் ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார்களே, அந்தத் தீவார்தான்.

சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய நேரம், மலசலகூடம் கட்ட ஆறு மூட்டை சீமெந்து எடுத்தேன். கடையிலிருந்து லொறி. குறிகட்டுவான் துறையில் இறக்குகூலி, வள்ளத்தில் ஏற்றுகூலி, இங்கே மாவிலித்துறையில் மறுபடி இறக்குகூலி, அங்கிருந்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். படங்கு போட்டு மூடியும், வழியில் அலை தெறித்து ஒரு மூட்டை கல்லாகிவிட்டது. அது இப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்.

ஒரு வீட்டுக்கே இந்தப் பாடு. சபை ஒரு மதகு கட்டவோ ஒழுங்கைக்குக் கல் பரவவோ வெளிக்கிட்டால் என்ன ஆகும்? தரைப்பாதை உள்ள வேலணையில் ஒரு வேலையை முடிக்கிற காசு, இங்கே பாதி வழியில் தீர்ந்துவிடும். கொந்தராத்துக்காரர் பின்வாங்கினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இனிப் படகுக்கு வருகிறேன். எங்கள் பயணிகள் படகு 'குமுதினி', வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கடலும் வீதிதான் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி, நல்ல ஏற்பாடு. ஆனால் 2017இல் அவுஸ்திரேலிய உதவியோடு வந்த 'நெடுந்தாரகை' என்கிற படகைப் பிரதேச சபையின் கையில் கொடுத்தார்கள். நல்ல மனதோடு கொடுத்ததுதான். அதற்காக, தெருவிளக்கும் குப்பையும் பார்க்கிற சபை கப்பல் கொம்பனியும் நடத்த வேண்டுமா? டீசல், படகோட்டிகளின் சம்பளம், இயந்திரப் பழுது, கரையேற்றித் திருத்துகிற செலவு. யாழ்தேவியை ஓட்டுங்கள் என்று நல்லூர்ப் பிரதேச சபையிடம் யாரும் சொன்னதில்லை.

சபைக்கு வருமானம் எங்கிருந்து வரும்? சனம் வன்னிக்கும் கனடாவுக்கும் போய்விட்டது. பூட்டிக் கிடக்கிற வீட்டின் கதவைத் தட்டி வரி கேட்க முடியாது. நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல்; நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளைப் பார்த்திருந்த ஊர் இது. தண்ணீர் பவுசருக்கும் டீசல் கடல் கடந்துதான் வரவேண்டும். இதற்கிடையில், சபையின் காலம் முடிந்த 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை, முறையிடப் போவதற்கு ஒரு உறுப்பினர்கூட இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள், சரி. ஆனால் வெறுங்கையை வைத்துக்கொண்டு அவர்களும் என்ன செய்வது?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தீவுகளுக்கு மதிப்பீடு போடும்போது கடல் ஏற்றுகூலியைத் தனியாகக் கணக்கிட்டுக் கொடுங்கள். நெடுந்தாரகையின் பராமரிப்பைச் சபையின் தலையிலிருந்து இறக்கி, வீதிக்குக் கொடுக்கிற காசிலேயே அதற்கும் கொடுங்கள்.

முடிவெடுக்க முன் ஒருமுறை வந்து பாருங்கள். கடற்படைப் படகில் வேண்டாம், சனத்தோடு சனமாகப் பயணிகள் படகில், சோழகக் காலத்தில் வாருங்கள். மாற்றுடுப்பு ஒன்றும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுந்தீவு வாசி