பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்: மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு வணக்கம்.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று உங்கள் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தால், குரூப் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எம்.பி.பி.எஸ். சேர்வதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் தேர்ச்சி வேண்டும். கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உள்ள குரூப்பில் உயிரியல் கிடையாது. அதில் சேர்த்துவிட்டு நீட் தேர்வுக்குத் தனியாகக் கோச்சிங் அனுப்பலாம் என்ற திட்டம் இங்கேதான் உடைகிறது. உயிரியலைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேற 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் வழிவிட்டது உண்மைதான். ஆனால் அது சுற்றுவழி.

தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கலாம், மருத்துவத்துக்குக் கணிதம் கட்டாயமில்லை. ஆனால் நீட் இயற்பியலில் மடக்கை, திரிகோணமிதி, வெக்டர், எளிய வகையிடல் எல்லாம் வரும். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. கணிதத்தை விட்ட பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் உயிரியலில் அல்ல, இயற்பியலின் இந்த 45 கேள்விகளில்தான். கணக்கு ஓரளவு வரும் பிள்ளைக்கு உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள முதல் குரூப்பே நல்லது என்பது எங்கள் கருத்து.

"பிளஸ் டூ மார்க் முக்கியமில்லை, நீட் மார்க்தான்" என்பது பாதி உண்மை. தரவரிசை நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 சதவீதமும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். மூன்றிலும் வெறும் 35 எடுத்துத் தேறினால் 300-க்கு 105 தான் வரும். தகுதிக்கு 120 அல்லது 150 தேவை.

நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். உயிரியல் மட்டும் 90 கேள்விகள். சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 குறையும். இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். தமிழிலும் எழுதலாம்; மொழியை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. அதனால் தமிழ் வழியில் படிப்பவர்களும் முடுக்கம், சவ்வூடு பரவல் போன்ற சொற்களுக்கு ஆங்கிலப் பெயரைக் கூடவே படித்து வைக்கட்டும்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டதால் அந்த ஆண்டு எளிது என்று நினைத்துவிட வேண்டாம். இயக்கவியல், வேதிப்பிணைப்பு, மோல் கணக்கு, செரிமானம் முதல் நரம்பு மண்டலம் வரையான மனித உடற்செயலியல் எல்லாமே பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள். மோல் கணக்கு பிடிபடாத பிள்ளைக்குப் பிளஸ் டூவில் மின்வேதியியல் ஓடாது. கோச்சிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த ஆண்டைத் தள்ளிப்போட்டால், கடைசி மாதங்களில் இரண்டு வருடப் பாடத்தையும் ஒன்றாகச் சுமக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, சிலருக்கு இது தெரியவே இல்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அப்படிச் சேர்பவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நீட்டுக்கு நல்லது என்று பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கும் இது பொருந்தாது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் முன் யோசியுங்கள்.

எம்.பி.பி.எஸ். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சீக்கிரமே பள்ளியில் சேர்த்த பிள்ளைகளுக்கு இதைக் கணக்குப் பார்த்துவிடுங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்; ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்ப நேரத்தில் அலைச்சல்தான். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு முயலும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு, மத்திய அரசுப் படிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும்.

குரூப் படிவத்தைத் தரும்போது ஆதார், சாதிச் சான்றிதழ் நகல்களையும் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே பார்த்துச் சொல்வார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்