பழைய கணினிக்கு விவரத்துடன் பில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக் கணினிகள்தாம் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பகுதிகளில் பல மாணவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கும் முதல் கணினியாக அமைகின்றன. ஆனால், வாங்கிய கொஞ்ச நாளிலேயே மெதுவாகிவிட்டது என்று அவற்றைத் துணி போட்டு மூடி வைத்துவிடும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. ஏனெனில், பெரும்பாலும் தளர்ந்திருப்பது கணினி அன்று. அதன் உள்ளே தகவலைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டுமே.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின்மேல் முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடிப் படிக்க வேண்டியிருப்பதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும் இன்றைய விண்டோஸுக்கு அது ஈடுகொடுப்பதில்லை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று விண்டோஸில் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கும்போது, ‘டிஸ்க்’ என்ற இடத்தில் நெடுநேரம் 100 சதவீதம் என்றே நின்றால் காரணம் அங்குதான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால், அதே கணினி வேறொன்றாக மாறிவிடும். இத்தகைய பழைய கணினிகளுக்குப் பொதுவாக 2.5 அங்குல அளவில், சாட்டா என்னும் இணைப்பு கொண்ட வகையே ஏற்றது. ஹார்ட் டிஸ்க்கில் செருகியிருந்த அதே கேபிள்கள் அதற்கும் பொருந்தும். தற்காலிக நினைவகமான ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால் 8 ஆக உயர்த்துவதும் அவசியம். அதை வாங்கும் முன் டி.டி.ஆர்.3 வகையா, டி.டி.ஆர்.4 வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று சேராது. தூசு அடைத்த ஃபேனைச் சுத்தம் செய்து, கணினியின் மூளையான பிராசசரின்மேல் காய்ந்துபோன, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால், சூடேறித் தானாகவே வேகம் குறைவதும் நிற்கும்.

பழுது பார்க்கக் கொண்டுபோனால், இவற்றைச் சொல்லாமல், வைரஸ் என்று கூறி ஃபார்மட் செய்து தருவதும், ‘வேகம் கூட்டும்’ மென்பொருள் ஒன்றை ஏற்றி அனுப்புவதுமே பல இடங்களில் வழக்கமாக உள்ளது. பழுதாகத் தொடங்கிய டிஸ்க்கை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது குணமாகாது. அதற்குள் படங்களும் சான்றிதழ்களும் அழிந்துவிடும் ஆபத்து வேறு.

விற்பனையின்போது ‘ஐ5 கணினி’ என்று மட்டும் சொல்வதும் போதாது. ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் ஒரு பிராசசர் வரிசையின் பெயர்; அதில் பல தலைமுறைகள் உண்டு. ஐ5-4570 என்றால் அது 2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. இரண்டும் ஐ5 தான் என்றாலும், விண்டோஸ் 11, இன்டெல் பிராசசர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலே அதிகாரபூர்வமாக ஏற்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய வழக்கமான புதுப்பிப்பு ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய தலைமுறைக் கணினி வைத்திருப்போர் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட்டையோ, மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ பயன்படுத்தலாம். படிப்புக்கும், தமிழில் தட்டச்சு செய்வதற்கும், இணையத்தில் விண்ணப்பிப்பதற்கும் அவை தாராளமாகப் போதும். ஆனால், கணினி எந்தத் தலைமுறை என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொண்டு முடிவு செய்யும் உரிமை வாங்குபவருக்கு உண்டல்லவா?

எனவே, பழைய கணினி விற்போர் பிராசசரின் முழு எண், ரேமின் அளவும் வகையும், டிஸ்க் எந்த வகை, அதன் நிலை என்ன என்பவற்றைப் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்துள்ளது. பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் அச்சட்டம் கூறுகிறது. இதைக் கடைகளுக்கு எடுத்துச் சொல்லி நடைமுறைக்குக் கொண்டுவர மாவட்ட நிர்வாகம் ஆவன செய்யும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.