இந்துப்புப் பொட்டலத்தில் சுரங்கத்தின் பெயரைப் போடுங்கள்

இந்துப்பைப் பொட்டலமிட்டு விற்கும் வணிகர்களுக்கும், அதை வாங்கி அடுக்கும் இயற்கை அங்காடிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பொட்டலங்களில் என்ன அச்சிட்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். பனி மூடிய இமயச் சிகரம், '84 கனிமங்கள்', '25 கோடி ஆண்டுத் தூய்மை', சிலவற்றில் 'இரத்த அழுத்தத்தைச் சீராக்கும்'. இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. உப்பு எந்தச் சுரங்கத்தில் வெட்டியது, இரத்த அழுத்தத்தை ஏற்றும் சோடியம் எவ்வளவு, அயோடின் சேர்த்ததா இல்லையா என்ற மூன்றுக்கு மட்டும் இடம் கிடைப்பதில்லை. இருந்தாலும் கண்ணாடி போட்டுக்கூடப் படிக்க முடியாத எழுத்தில் மடிப்புக்குள் கிடக்கிறது. இந்த மூன்றையும் முன்பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கல்லூரியில் ஜியாலஜி நடத்துகிறவன் நான். அதனால் பாறையிலிருந்தே தொடங்குகிறேன். நம் கடைகளுக்குப் பல ஆண்டுகளாக வந்த இளஞ்சிவப்பு உப்பின் ஊர் கேவ்ரா. பாகிஸ்தானின் பஞ்சாபில், ஜீலம் ஆற்றுக்கு வடக்கே, உப்பு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. சுரங்க வாசல் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம்கூட இல்லை. நம் ஏற்காடு அதைவிடப் பல மடங்கு உயரம். ஆனாலும் இமயத்துக்கும் அந்தக் குன்றுகளுக்கும் உறவு உண்டு. இமயத்தை எழுப்பிய அதே மோதல்தான் அவற்றையும் தெற்கே தள்ளிக்கொண்டு வந்தது. ஆழத்தில் கிடந்த உப்புப் படுகை வழுக்குத் தளமாக அமைந்ததால்தான் அவ்வளவு பெரிய பாறைத் தொகுதி நகர முடிந்தது. சொல்ல இப்படி ஒரு உண்மை இருக்கும்போது பனிச்சிகரப் படம் எதற்கு?

வயதும் தவறு. அந்த உப்பு 54 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அதன்மேல் படிந்த கேவ்ரா மணற்பாறையே 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கேம்பிரியன் காலத்தைச் சேர்ந்தது. 1940களில் தொல்தாவர அறிஞர் பீர்பல் சாஹ்னி அந்த உப்புப் படிவங்களில் நுண்ணிய மரத்துணுக்குகளைக் கண்டு, இது மிகவும் இளைய படிவம், ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய இயோசீன் காலத்தது என்று வாதிட்டார். களத்தில் அடுக்கடுக்காக வரைபடம் எடுத்தவர்கள் மறுத்தார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு பழைய வயதுதான் நின்றது. ஒரு வயதைச் சொல்ல அவர்கள் அவ்வளவு உழைத்தார்கள். நீங்கள் எங்கோ பார்த்த எண்ணை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இனி அந்த 84. கடல் வற்றும்போது எல்லாம் ஒரே சமயத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அப்புறம் ஜிப்சம், நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் சோடியம் குளோரைடு, அதாவது நாம் சாப்பிடும் உப்பு. பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த கசப்பு உப்புகள் கடைசி வரை நீரிலேயே தங்கும். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நடப்பதும் இதேதான். முன்பாத்தியிலேயே ஜிப்சம் இறங்கிவிடும். உப்பு விளைந்ததும் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். கேவ்ராவிலும் ஜிப்சம் தனிப் படுகையாக இருக்கிறது. சில்வைட், லாங்பைனைட், பாலிஹாலைட், கீசரைட் போன்ற பொட்டாசிய, மக்னீசியக் கனிமங்கள் உப்புக்கிடையே தனி இழைகளாக ஓடுகின்றன. உங்கள் பொட்டலத்துக்கு வருவது ஹாலைட் என்ற ஒரே கனிமம். நல்ல தரத்தில் அதில் 98 விழுக்காட்டுக்குக் குறையாமல் சோடியம் குளோரைடு.

வகுப்பில் மாணவர்களைச் செய்யச் சொல்வதை நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கைப்பிடி இந்துப்பைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். அடியில் செம்மண் போல மெல்லிய படிவு உட்கார்ந்திருக்கும். இரும்பு ஆக்சைடு, களிமண், கரையாத கொஞ்சம் ஜிப்சம். நீங்கள் விலை வைக்கும் நிறம் அதுதான்! ஒருவர் நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 2 விழுக்காடு என்றால் 100 மில்லிகிராம். அதற்குள்தான் உங்கள் மற்ற 'கனிமங்கள்' அத்தனையும். அந்த நூறும் பொட்டாசியமாகவே இருந்தாலும் ஒரு வாழைப்பழத்தில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. அந்த 84-க்கு ஆதாரமாகக் காட்டப்படும் தனிமப் பட்டியலை முழுதாகப் படித்தீர்களா? அதில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. பல தனிமங்களுக்கு நேரே கருவியால் அளக்க முடியாத அளவு என்றுதான் போட்டிருக்கிறது.

இதையெல்லாம் வகுப்பறையோடு நிறுத்திக்கொண்டிருப்பேன், என் பெரியம்மாவுக்கு நடந்தது நடக்காமல் இருந்திருந்தால். இரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர். டாக்டர் குறைக்கச் சொன்னதிலிருந்து கஞ்சிக்கும் மோருக்கும் உப்பே போடாமல் பழகியவர். அவர் வீட்டுக்கு இந்துப்பு வந்தது. பொட்டலத்தின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தைரியமாக மோரில் போட்டார், ரசத்தில் போட்டார், ஊறுகாயும் அதிலேயே போட்டார். கால் வீங்கத் தொடங்கியது. வீங்கிய விரலிலிருந்து மெட்டியைக் கழற்ற முடியாமல், ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். உப்பு எவ்வளவு சேர்க்கிறீர்கள் அம்மா என்று டாக்டர் கேட்டபோது, "நான் உப்பே தொடுறதில்லை டாக்டர், இந்துப்புதான்" என்றார். ஒளித்துச் சொல்லவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். அந்த நம்பிக்கையை அச்சிட்டுக் கொடுத்தது நீங்கள்.

சோடியம் அளவு முன்பக்கத்தில் இருந்திருந்தால் யாராவது ஒருவர் படித்துச் சொல்லியிருப்போம். அதனால்தான் திரும்பக் கேட்கிறேன்: சுரங்கம், சோடியம், அயோடின்.

அயோடின் விஷயம் இன்னும் கவலை தருகிறது. வெட்டி எடுத்த பாறை உப்பில் தேவையான அளவு அயோடின் இருக்காது, சேர்க்க வேண்டும். சமையல் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் 2006 முதல் நடைமுறை. 2018-19 ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு. மாநிலங்களில் அதுவே கடைசி இடம். கர்ப்பிணியின் உடலில் அயோடின் குறைந்தால் பாதிக்கப்படுவது வயிற்றுப் பிள்ளையின் மூளை. இந்த நிலையில் 'அயோடின் கலக்காதது' என்று பெருமையாகப் போட்டு விற்பவர்களும் உங்களில் இருக்கிறார்கள். என்னால் இதைப் பொறுக்க முடியவில்லை.

சுரங்கத்தின் பெயரை ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதம் பாகிஸ்தான் சரக்கு நேரடியாகவோ வேறு நாடு வழியாகவோ வரத் தடை போட்டார்கள். அதற்குப் பிறகும் அதே சிகரப் படம், அதே வாசகம். உள்ளே இருப்பது ஈரானின் கர்ம்சார் உப்பா, பழைய இருப்பா, வேறு ஏதாவதா? உண்மையிலேயே இமயத்துக்குள் கிடக்கும் உப்பு வேண்டுமென்றால் இமாசலத்தின் மண்டி மாவட்டத்தில், குமாவிலும் திராங்கிலும் இருக்கிறது. களிமண் கலந்து நிறம் மங்கிய உப்பு அது. அந்த இரண்டு பெயர்களையும் எந்தப் பொட்டலத்திலும் நான் பார்த்ததில்லை.

  

நீங்கள் இந்துப்பு விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ருசி பிடித்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும். அடுத்த முறை பொட்டலம் அச்சுக்குப் போகும்போது '84 கனிமங்கள்' இருக்கும் இடத்தில் சுரங்கத்தின் பெயரையும், 100 கிராமுக்குச் சோடியம் எவ்வளவு என்பதையும், அயோடின் உண்டா இல்லையா என்பதையும் போடுங்கள். இரத்த அழுத்தம் பற்றிய வரியை இப்போதே எடுத்துவிடுங்கள். கடைக்காரர்கள், புதுப் பொட்டலம் வரும் வரை, இதிலும் சாதாரண உப்பின் அளவுக்கே சோடியம் இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி அலமாரியில் மாட்டி வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜியாலஜி ஆசிரியர்