சாயங்காலப் பசிக்குச் சுண்டல்

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நேரே போய் நிற்பது வடைச்சட்டி முன்னால்தான். பதினாலு, பதினைந்து வயதுப் பசி அப்படி; திட்டிப் பயனில்லை. வீட்டில் என்ன தயாராக இருக்கிறது?

கறுப்புக் கொண்டைக்கடலை ஒருவருக்கு 50 கிராம் போதும். ஏறக்குறைய 10 கிராம் புரதம் கிடைக்கும். இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புடன் ஐந்து விசில். நம் ஊர் உவர்த்தண்ணீரில் கடலை எத்தனை விசிலுக்கும் மசியாது. குடிக்க வாங்கும் குடத்துத் தண்ணீரிலேயே ஊறவைத்து வேகவையுங்கள். வெந்ததும் தண்ணீரை ஒட்ட வடித்து, நன்றாக ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். தேங்காயை மட்டும் அப்போதே சேர்க்கக் கூடாது. இந்தப் புழுக்கத்தில் வெளியே இருந்தால் மதியமே நூல்விடும். பிள்ளை வந்த பிறகு தாளித்து, தேங்காய் தூவி, அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் ஐந்து நிமிட வேலை. எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல, கடலையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும். கூடவே டீ குடித்தால் அது கெடும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

தை மாதமென்றால் பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடுத்தண்டையும் நாரையும் உருவிவிட்டு, பூண்டு, பச்சைமிளகாயுடன் மிக்ஸியில் ஒரே சுற்று. அதற்குமேல் ஓட்டினால் மாவாகி அண்ணத்தில் ஒட்டும்.

வாரம் ஒருநாள் வடையும் இருக்கட்டும். ஆனால் அதை உங்கள் நாளிதழில் வைத்து எண்ணெய் பிழிய வேண்டாம். அச்சு மையும் சேர்ந்து வரும்.

இப்படிக்கு,
வாசகர்கள், ராமநாதபுரம் கடற்கரைப் பகுதி