18,000 ரூபாய்க்காக முழுக் கணக்கையும் முடக்குவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சைபர் மோசடியில் போன பணத்தை வழியிலேயே மடக்க 1930 என்ற புகார் எண் பெரிய உதவிதான். ஆனால், அந்தப் பிடி கிரிப்டோ விற்பவர்கள் மேல் விழுகிற விதம் சரியில்லை.

ஒருவர் எக்ஸ்சேஞ்ச் எனும் கிரிப்டோ சந்தைத் தளத்தில் 200 யுஎஸ்டிடியை (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயின்) பி2பி முறையில், அதாவது நேரடியாக இன்னொரு பயனருக்கு, விற்கிறார் என்று வையுங்கள். வாங்குபவர் யுபிஐயில் சுமார் 18,000 ரூபாய் அனுப்புகிறார். பணம் வந்ததும் விற்பவர், தளம் பிடித்து வைத்திருந்த காயினை விடுவிக்கிறார். அந்தப் பணமோ, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி வேறு மாநிலத்தில் யாரிடமோ பறித்தது. பறிகொடுத்தவர் 1930-ஐ அழைத்ததும், பணம் கைமாறிய கணக்குகளுக்கெல்லாம் வங்கி வங்கியாகத் தகவல் போகிறது. அந்த வரிசையில் மூன்றாவது, நான்காவது இடத்தில் இருக்கும் விற்றவர் கணக்கும் மாட்டி முடங்குகிறது. யுஎஸ்டிடி அதற்குள் டிரான் என்ற பிளாக்செயினில் இரண்டு மூன்று வாலட் (கிரிப்டோ கணக்கு) தாண்டியிருக்கும்.

பணம் அனுப்பியவர் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதுமே என்பார்கள். போதாது. கமிஷனுக்காகத் தன் கணக்கை வாடகைக்கு விட்டவர், எக்ஸ்சேஞ்சிலும் தன் பெயரிலேயே கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்திருப்பார். பெயர் அச்சு அசலாகப் பொருந்தும். (பொருந்தாவிட்டால் காயினை விடுவிக்கவே கூடாது.)

2023 மார்ச் 7 முதல் எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. நிதிப் புலனாய்வுப் பிரிவு எக்ஸ்சேஞ்சுகளான பைனான்ஸுக்கு 2024-ல் 18.82 கோடி, பைபிட்டுக்கு 2025-ல் 9.27 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சில் வாங்கியவரின் அடையாளமும், காயின் வெளியேறிய வாலட் முகவரியும் இருக்கும். ஆர்டர் எண்ணைக் கொடுத்து அதைக் கேட்டு வாங்குவதை விட்டு, விற்றவரின் சம்பளக் கணக்கை முடக்கினால் அவருடைய இஎம்ஐதான் பவுன்ஸ் ஆகும். பயந்தவர்கள் ரொக்கத்துக்கும் டெலிகிராம் குழுக்களுக்கும் போகிறார்கள். அங்கே ஆர்டர் எண்ணும் இல்லை, கேஒய்சியும் இல்லை. போலீசுக்குத் துப்பும் கிடைக்காது.

தொகையையும் காலத்தையும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-லேயே சொல்லிவிட்டது. ஆகவே சிக்கியவர்கள் வங்கியில் மூன்றைக் கேட்க வேண்டும்: புகார் ஒப்புகை எண், காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை. ‘மேலிடத்து உத்தரவு’ என்று கிளையில் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். எழுத்தில் வாங்காமல் நகரக் கூடாது. பிறகு ஆர்டர் எண், சாட் பதிவு, டிரான்சாக்‌ஷன் ஹேஷ் (காயின் பரிமாற்றத்தின் அடையாள எண்), வங்கி ஸ்டேட்மென்ட், விற்பனைக்கு 1% டிடிஎஸ் பிடித்ததைக் காட்டும் 26ஏஎஸ் என்ற வருமான வரிப் படிவம் ஆகியவற்றை விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அந்தத் தொகைக்கு மட்டும் லியன் (எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பு) போட்டு மீதியை விடுவிக்கக் கோரலாம். பதில் வராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு. அப்போது இந்த மின்னஞ்சலின் நகலும் கையில் இருக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கோவை